பானைக்குள் ஒரு வரிசை

2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், ஃப்ரோம் நகரருகே ஒரு வயலில், மருத்துவமனைச் சமையற்காரர் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியோடு அலைந்துகொண்டிருந்தார். அவருக்கு அது பொழுதுபோக்கு. கருவி ஒலித்த இடத்தைத் தோண்டியபோது ரோமானிய நாணயங்களும் பானையொன்றின் வாயும் தென்பட்டன. அத்துடன் நிறுத்திக்கொண்டு தொல்லியலாளர்களுக்குத் தகவல் சொன்னார். வேறொருவராயின் இரவோடிரவாக அள்ளியிருப்பார்.

உள்ளே 52,503 நாணயங்கள், சுமார் 160 கிலோ. அகழ்ந்தோர் அவற்றை அடுக்கடுக்காக, கலவாமல் எடுத்தனர். பயன் இங்கேதான் விளைந்தது. பிரிட்டனில் தன்னைத்தானே பேரரசனாக அறிவித்துக்கொண்ட கராசியஸின் (கி.பி. 286–293) நாணயங்கள் இக்குவியலில் காலத்தால் பிந்தியவை. உண்டியலில் சேர்ப்பதுபோல் ஆண்டுதோறும் இட்டிருந்தால் அவை மேலே இருந்திருக்க வேண்டும். பெரும்பாலானவையோ பழைய காசுகளுக்குக் கீழே கிடந்தன. ஆகவே பானை ஒரே வேளையில் நிரப்பப்பட்டது. அத்தனை எடையோடு அதைத் தூக்கிவரவும் இயலாது. முதலில் புதைத்து, பிறகே நிரப்பியிருக்கிறார்கள். மீட்டெடுக்க நினைப்பவர் செய்யும் காரியமா இது? தெய்வத்துக்கு ஊர்கூடி இட்ட காணிக்கையாக இருக்கலாம் என்று நாணயவியலாளர் ரோஜர் பிளாண்ட் முதலியோர் கருதினர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

காசுகள் இன்று டான்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.