கொய்ச்சி தோஹெய்: ஐகிடோவைப் பாடமாக்கிய ஆசான்

தற்காப்புக் கலையான ஐகிடோவைத் தோற்றுவித்தவர் மோரிஹெய் உயேஷிபா. ஜப்பானுக்கு வெளியே அந்தக் கலையை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் அவருடைய மாணவர் கொய்ச்சி தோஹெய். குருவின் காலத்திலேயே ஐகிடோவின் மிக உயர்ந்த தகுதியான 10ஆம் டானைப் பெற்றவரும் அவர்தான். குரு மறைந்து ஐந்து ஆண்டுகளில் தலைமை அமைப்பை விட்டு வெளியேறியவரும் அவர்தான்.

தோஹெய் 1920 ஜனவரி 20 அன்று டோக்கியோவில் பிறந்து, அதற்கு வடக்கே உள்ள தொச்சிகி பகுதியில் வளர்ந்தார். சிறுவயதில் நோஞ்சானாக இருந்த மகனைத் தேற்ற, தந்தை ஜூடோவில் சேர்த்துவிட்டார். கேயோ பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்கிய காலத்தில் நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி ஏற்பட்டு, படிப்பும் பயிற்சியும் நின்றுபோயின. உடம்பை மீட்க வழி தேடியவர் டோக்கியோவின் இச்சிகுகாய் தோஜோவுக்கு, அதாவது பயிற்சிக்கூடத்துக்கு, போய்ச் சேர்ந்தார். அங்கே ஜென் தியானத்தோடு மிசோகி என்ற கடும் மூச்சுப் பயிற்சியும் நடந்தது. முழந்தாளிட்டு அமர்ந்து, கைமணியை ஆட்டியபடி, அடிவயிற்றிலிருந்து மந்திர ஒலிகளை உரக்க எழுப்ப வேண்டும். குரல் தளர்ந்தால் பின்னால் நிற்கும் மூத்தவர்கள் முதுகில் அறைவார்கள். நோயில் கிடந்து எழுந்த இளைஞர் இதில் மணிக்கணக்கில் ஈடுபட்டார்.

1940 வாக்கில் உயேஷிபாவைச் சந்தித்தபோது தோஹெய்க்கு வயது இருபதை ஒட்டி இருந்தது. பயிற்சியைப் பார்த்தவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. எல்லாம் ஒத்திகை பார்த்த நாடகம் என்றே நினைத்தார். உயேஷிபா தம்மைப் பிடிக்கச் சொன்னார். பிடிக்கப் பாய்ந்த ஜூடோ வீரர் எப்படி விழுந்தோம் என்று புரியாமலே தரையில் கிடந்தார். அன்றே மாணவரானார். இரவெல்லாம் மிசோகி செய்துவிட்டு, உடம்பில் துளி வலு இல்லாமல் ஐகிடோ பயிற்சிக்குப் போன நாள்களில் தம்மை யாராலும் வீழ்த்த முடியவில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். குரு வாயால் சொன்னது ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் தெய்வங்களைப் பற்றி. உடம்பால் காட்டியது இறுக்கமே இல்லாத தளர்வை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததுதான் தோஹெயின் தனித்துவம். அவருடைய பிற்கால உழைப்பு முழுவதும் இதிலிருந்தே கிளைத்தது.

1942இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, சீனப் போர்முனைக்குச் சென்று, 1946இல் திரும்பினார். போருக்குப் பிறகு நக்கமுரா தெம்புவிடம் பயின்றார். காசநோயோடு உலகம் சுற்றிய தெம்பு, இமயமலைப் பகுதியில் ஒரு யோகியிடம் பயின்று குணமடைந்ததாகச் சொன்னவர். மனமே உடலை நடத்துகிறது என்ற அவருடைய போதனை, தோஹெய் தேடிக்கொண்டிருந்த விளக்கமாக அமைந்தது. தோஹெயின் ஐகிடோவில் யோக மரபின் சாயல் இருப்பது இந்த வழியாகத்தான்.

1953இல் ஹவாயில் இயங்கிய ஓர் உடல்நல அமைப்பு அவரை அழைத்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வந்து குடியேறிய ஜப்பானியரின் வழித்தோன்றல்கள் நிறைந்த அந்தத் தீவுகளில் ஜூடோவில் தேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. புதிய கலை ஒன்று வந்தால் அவர்கள் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார்கள். தோஹெயோ குட்டையான மனிதர். தம்மைவிட எடை மிகுந்தவர்களையும் போலீஸ்காரர்களையும் மேடையிலும் கூடத்திலும் எதிர்கொண்டார். ஓராண்டு தங்கித் தீவுதோறும் தோஜோக்கள் அமையக் காரணமானார். ஷிந்தோ தெய்வங்களின் பெயர்கள் அங்கே பலருக்கு எதையும் விளக்கவில்லை. தெய்வ மொழியை விட்டுவிட்டு, எவரும் தம் உடம்பிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளாகப் பாடத்தை மாற்ற வேண்டிய நெருக்கடியை வெளிநாட்டு மாணவர்கள்தான் உண்டாக்கினார்கள்.

அவற்றில் புகழ்பெற்றது வளையாத கை. மாணவர் ஒருவர் கையை முன்னே நீட்டுவார். மற்றவர் முழங்கையைப் பிடித்து மடக்கப் பார்ப்பார். முதல் முறை, நீட்டியவர் முஷ்டியை இறுக்கித் தசையை முறுக்கி எதிர்ப்பார். சற்று நேரத்தில் கை மடங்கிவிடும். இரண்டாம் முறை விரல்களைத் திறந்து, தோளைத் தளர்த்தி, கை வழியே ஆற்றல் தொலைதூரம் பாய்ந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மடக்குபவர் திணறுவார். தோஹெய் இதை ‘கி’ என்னும் உயிராற்றலின் செயல் என்றார். எதிரெதிராக இழுக்கும் தசைகள் ஒன்றையொன்று தடுக்காததே காரணம் என்று உடற்கூறு சார்ந்து விளக்குவோரும் உண்டு. விளக்கம் எதுவானாலும், புதிதாக வந்தவர் முதல் நாளிலேயே வேறுபாட்டைத் தம் கையில் உணர்ந்தார். அடிவயிற்று மையத்தில் மனத்தை நிறுத்துதல், முழுமையாகத் தளர்தல், உடல் எடையைக் கீழே வைத்தல், கியைப் பாயவிடுதல் என்ற நான்கு விதிகளை இத்தகைய சோதனைகளோடு இணைத்துக் கற்பித்தார். மேதையின் அருகே ஆண்டுக்கணக்கில் இருந்து ஊகித்தறிய வேண்டிய ஒன்றைச் சாமானியர் படிப்படியாகக் கற்கும்படி செய்தது பெரிய சாதனை.

1961இல் ஹோனலுலுவில் புதிய தோஜோ திறக்கப்பட்டபோது உயேஷிபாவே ஹவாய்க்கு வந்தார். டோக்கியோ தலைமை தோஜோவின் தலைமைப் பயிற்றுநராகத் தோஹெய் இருந்தார். அமைப்பின் நிர்வாகம் உயேஷிபாவின் மகன் கிஷ்ஷோமாருவிடம் இருந்தது. 1969இல் தோஹெய்க்கு 10ஆம் டான் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று உயேஷிபா காலமானார். கிஷ்ஷோமாரு தலைமைக் குருவானார்.

கி பற்றிய பயிற்சியே ஐகிடோவின் அடித்தளமாக வேண்டும் என்று தோஹெய் வலியுறுத்தினார்; தலைமை தோஜோ அதை ஏற்கவில்லை. 1971இல் கி ஆய்வுச் சங்கத்தைத் தனியே தொடங்கினார். 1974 மே மாதம் தலைமை அமைப்பிலிருந்து விலகி, அதற்கான காரணத்தை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள தோஜோக்களுக்குக் கடிதமாக அனுப்பினார். அவர் வளர்த்த தோஜோக்களில் பெரும் பிளவு ஏற்பட்டது. தாய் அமைப்பா, கற்றுத் தந்த ஆசானா என்று ஒவ்வோர் ஆசிரியரும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நேற்றுவரை சேர்ந்து பயின்றவர்கள் தனித்தனிக் கூடங்களுக்குப் போனார்கள். இரு தரப்பிலும் அந்த வலி நெடுநாள் ஆறவில்லை.

மனமும் உடலும் ஒன்றிய ஐகிடோ என்ற பொருளில் தம் பாணிக்கு ஷின்ஷின் தோயித்சு ஐகிடோ என்று பெயரிட்ட தோஹெய், தொச்சிகியில் பெரிய பயிற்சி மையத்தை நிறுவினார். பேஸ்பால் வீரர்களும் அவருடைய பயிற்சிகளைப் பின்பற்றினார்கள். 2011 மே 19 அன்று தமது 91ஆம் வயதில் காலமானார். மகன் ஷினிச்சி தோஹெய் அமைப்பை நடத்திவருகிறார். கி ஆய்வுச் சங்கத்தோடு தொடர்பில்லாத பல ஐகிடோ கூடங்களிலும் புதியவர்களுக்கு வளையாத கை இன்றும் கற்பிக்கப்படுகிறது.