கூந்தன்குளத்துப் பறவைகளும் நான் சொன்ன தப்புப் பாடமும்



போன வாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மூலைக்கரைப்பட்டி பக்கம் கூந்தன்குளம் போய் வந்தேன். அங்கே நின்றபோது ஒரு பழைய பாக்கி ஞாபகம் வந்தது. இன்று அதைத் தீர்த்துவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் பல வருஷம் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்: “கூந்தன்குளத்துப் பறவைகள் சைபீரியாவிலிருந்து வந்து, இங்கே முட்டையிட்டு, குஞ்சு பொரித்துத் திரும்பிப் போகும்.” ஒருநாள் ஒரு பையன் எழுந்து, “டீச்சர், முட்டை போட அந்த ஊர்ல இடமே இல்லையா? எதுக்கு இம்புட்டுத் தூரம் வரணும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. “ஏல, உக்காருல. சொன்னத எழுது” என்று அதட்டிவிட்டேன்.

அவன் கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு.

கூந்தன்குளத்தில் இரண்டு கூட்டம் உண்டு. ஊர் மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகளே. தண்ணீர் இருக்கும் குளத்தைத் தேடி உள்நாட்டுக்குள் அலைபவை. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து வரும் வரித்தலை வாத்து இங்கே முட்டையிடுவதே இல்லை. அது குஞ்சு பொரிப்பது அங்கேதான், கோடையில். குளிரில் அங்கே ஏரி உறைந்து புல் கிடைக்காமல் போகும்போது, பசியாற இங்கே வருகிறது.

இதையெல்லாம் மனிதன் தெரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. ஐரோப்பாவில் பலர், குளிர்காலத்தில் பறவைகள் சேற்றுக்குள் தூங்குவதாக நம்பினார்கள். 1822-ல் ஜெர்மனியில் ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தி நின்றது! ஈட்டியோடு அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. அது எங்கே போய் வந்தது என்று அந்த ஈட்டியே சொல்லிவிட்டது.

1899-ல் டென்மார்க்கில் மார்டென்சன் என்பவர் மைனாவுக்கு உறவான பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். அவர் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! நம் நாட்டில் 1959-ல் சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்த வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. பின்னாளில் நம் கோடியக்கரையிலும் நடந்தது.

இப்போது செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டது. 2011-ல் வெளியான ஆய்வின்படி, வரித்தலை வாத்து இமயமலையை ஏறிக் கடக்க ஏழெட்டு மணி நேரமே எடுக்கிறது. அதுவும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் சிறகுக்கு நல்ல பிடிமானம். 7,000 மீட்டருக்கு மேலும் அது பறந்தது பதிவாகியுள்ளது. நமக்கு மூச்சு முட்டும் உயரம் அது. அதன் இரத்தமோ இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் விருந்தாளிக்கு மணிமுத்தாற்றுத் தண்ணீர்தான் நம் ஊர் விருந்து. கூந்தன்குளத்து ஜனங்கள் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. 1994-ல் அரசு சரணாலயம் என்று அறிவித்தது. பின்னாளில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் முந்தியே ஊர் அதைக் காப்பாற்றி வந்தது.

அன்று என் வகுப்பில் எழுதிய பிள்ளைகளே, அந்த வரியை அடித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சரியானதைச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பையன் இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துக்கொள்ளப்பா. உன்னை அன்று உட்காரச் சொன்னதற்குப் பதிலாக, “தெரியலல, நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லியிருக்க வேண்டும்.