மார்க்ஸின் பிளவைகள்

கார்ல் மார்க்ஸின் கடிதங்களில் உபரி மதிப்பைத் தேடிப் போகிறவர்கள் கட்டிகளில் இடறி விழுவார்கள். 1863 இறுதியில் முதுகில் எழுந்த பிளவை அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. அதன் பிறகு பல ஆண்டுகள் அவை ஓயவேயில்லை. அக்குளில், தொடையிடுக்கில், ஆசனவாயைச் சுற்றி, பிறப்புறுப்பின் மீது. எங்கெல்ஸிடம் எதையும் அவர் மறைக்கவில்லை. ‘கட்டி’ என்ற பொதுச் சொல்லோடு இதைக் கடந்துவிடுவது நாகரிகம்தான். ஆனால் இந்த நோயின் அடையாளமே அது எழும் இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இடங்களைக் கணக்கில்கொண்டு, பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சாம் ஷுஸ்டர் 2007இல் நோய்க்குப் பெயர் சூட்டினார்: ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா. மடிப்புகளில் மயிர்க்கால்கள் அடைபட்டு, வீங்கி, உடைந்து, ஆறி, மறுபடி அங்கேயே கிளம்பும் நோய். அழுக்கினால் வருவதல்ல, தொற்றுவதுமல்ல. புகைப்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. மார்க்ஸும் சுருட்டுப் புகைப்பவர்தான். பிரான்சில் வெல்போ 1839இலேயே இதை வர்ணித்திருந்தார். 1854இல் வெர்னுய் வியர்வைச் சுரப்பிகளைக் காரணமாகச் சொன்னார். அது தவறென்று பின்னர் தெரிந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

மார்க்ஸுக்கு இந்தப் பெயர் எட்டவில்லை. கல்லீரலைக் குற்றம் சொன்னார். மான்செஸ்டர் மருத்துவர் கும்பெர்ட் ஆர்செனிக் உட்கொள்ளச் சொன்னார். 1866 பிப்ரவரியில் மார்க்ஸ் சவரக்கத்தியை எடுத்துத் தாமே ஒரு கட்டியைக் கீறிவிட்டார். இன்றும் பலர் வெட்கத்தால் ஊசியும் பிளேடுமாக இதைத்தான் செய்கிறார்கள். கீறிய இடம் ஆறினாலும் நோய் ஆறுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் கட்டியைத் தோல் மருத்துவரிடம் காட்டினால் ஆன்டிபயாடிக், அறுவை சிகிச்சை, 2015இல் அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் பெற்ற அடலிமுமாப் என்று வழிகள் உண்டு.

இந்த நோய் மார்க்ஸின் அந்நியமாதல் சிந்தனையைப் பாதித்திருக்கலாம் என்றும் ஷுஸ்டர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்கருத்து 1844 கையெழுத்துப் பிரதிகளிலேயே வந்துவிட்டது; பிளவைகளின் காலம் அதற்கு வெகு பின்னால்.

உண்மையான தடயம் வேறோரிடத்தில் இருக்கிறது. அதே 1866 பிப்ரவரியில், உட்கார வழியின்றிப் படுத்தபடியே ‘மூலதன’த்தை எழுதிக்கொண்டிருந்தார். கோட்பாட்டுப் பகுதியை நகர்த்த மூளைக்குத் தெம்பில்லை. ஆகவே முதலில் திட்டமிடாதபடி, வேலைநாள் குறித்த பகுதியை வரலாற்று நோக்கில் விரித்துவிட்டதாக எங்கெல்ஸுக்கு எழுதினார். தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், தீக்குச்சித் தொழிலின் சிறுவர்கள், ரொட்டி சுடுபவர்களின் இரவுகள், இருபத்தாறரை மணி நேரம் ஓயாமல் வேலை செய்து 1863 ஜூனில் இறந்த இருபது வயது மேரி ஆன் வாக்லி எல்லாம் நிறைந்த அத்தியாயம் அது. பண்டத்தின் இலக்கணத்தில் சோர்ந்து நூலை மூடியவர்களையும் திரும்ப அழைத்துவருவது இந்தப் பக்கங்கள்தான்.