மனனமும் மீள்பாடமும்: முன்னோர் வகுத்த நெறி

தேர்வுக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் நள்ளிரவு கடந்தும் விளக்குகள் அணைவதில்லை. ஆண்டெல்லாம் அலமாரியில் உறங்கிய நூல்கள் அந்த ஓரிரு இரவுகளில் விழித்துக்கொள்கின்றன. தாய்மார் தேநீர் வைத்துக் கொடுத்துக் கண்விழித்துக் காத்திருக்கின்றனர். பிள்ளையோ ஒரே பக்கத்தை இருபது முறை வாசித்துவிட்டு, மறுநாள் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் மனம் வெறுமையாய்க் கிடக்கக் கண்டு திகைக்கிறான். இதை அறிவின் குறை என்று கருதிப் பிள்ளையைக் கடிந்துகொள்வோர் பலர். நாம் அறிந்த வரையில் இது பெரும்பாலும் முறையின் குறையே. மனனத்தைக் கல்வியின் அடித்தளமாகக் கொண்டு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த நம் முன்னோர், கற்றது நழுவாமல் காக்கும் வழியை எவ்வாறு கண்டனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

இறுதி ஒப்புவிப்பு

ஒவ்வொரு ரமலானிலும் வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்களும் அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அதுவரை அருளப்பெற்ற இறைமறையை ஒருவர்க்கொருவர் ஓதி ஒப்புநோக்கி வந்தனர் என்பதும், அண்ணலார் வாழ்வின் இறுதி ரமலானில் அது இருமுறை நிகழ்ந்தது என்பதும் ஹதீஸ் நூல்களில் காணக் கிடைக்கும் செய்தி. அறிஞர்கள் இதனை ‘அல் அர்ழத்துல் அகீரா’, அதாவது இறுதி ஒப்புவிப்பு என்பர். இதில் மாணாக்கர் கருதவேண்டியவை இரண்டு. அந்த இறுதி மீள்பாடம் முதல் மீள்பாடமன்று. ஆண்டுதோறும் நடந்து வந்ததன் நிறைவு அது. மேலும், அது தனியே அமர்ந்து கண்ணால் பார்த்துக்கொண்ட வாசிப்பன்று. ஒருவர் ஓத மற்றவர் செவிமடுத்த ஒப்புவிப்பு.

இவ்விரண்டாவது வழியை ஹதீஸ் கலை வல்லுநர்கள் விடாது பற்றிக்கொண்டனர். ‘முதாகரா’ என்று அதற்குப் பெயர். ஹிஜ்ரி 124இல் (கி.பி. 742) மறைந்த இமாம் ஸுஹ்ரீ (ரஹ்), ஆசிரியரிடம் கேட்ட செய்திகளை வீடு திரும்பியதும் உறங்கிக்கொண்டிருந்த பணிப்பெண்ணை எழுப்பி அவளிடம் சொல்வாராம். இவற்றால் எனக்கு என்ன பயன் என்று அவள் கேட்க, பயன் உனக்கன்று, நினைவூட்டிக்கொள்ளவேண்டிய எனக்கே என்ற பொருளில் விடை பகர்ந்தாராம். இஸ்மாயீல் இப்னு ரஜா என்பார் பள்ளிச் சிறுவர்களைக் கூட்டி வைத்து அவர்களிடம் ஹதீஸ்களைச் சொல்லி வந்ததும், மறந்துவிடாதிருக்கும் பொருட்டே என்பர்.

மூதாட்டியும் கொள்ளையரும்

ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த இப்னுல் ஜவ்ஸி (ரஹ்), மனனத்தை ஊக்குவிக்கவென்றே தனி நூல் ஒன்று யாத்தவர். அவர் தரும் நிகழ்ச்சி ஒன்று மாணாக்கர் அனைவரும் அறியத்தக்கது. சட்டக்கலை பயின்ற ஒருவர் தம் வீட்டில் பாடத்தை மீண்டும் மீண்டும் உரக்க ஓதிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுச் சலித்த வீட்டு மூதாட்டி, எனக்கே மனனமாகிவிட்டது, இன்னும் எதற்கு ஓதுகிறீர் என்றாள். சொல் பார்ப்போம் என்றார், பிழையின்றிச் சொன்னாள். சில நாட்கள் கழித்து அதே பாடத்தைச் சொல்லும்படி கேட்டபோது, நினைவில் இல்லை என்று கைவிரித்தாள். உனக்கு நேர்ந்தது எனக்கு நேராதிருக்கவே திரும்பத் திரும்ப ஓதுகிறேன் என்றார் அவர். அன்றைக்குச் சொல்ல முடிவது வேறு, என்றைக்கும் சொல்ல முடிவது வேறு என்னும் நுட்பத்தை இதைவிடத் தெளிவாக விளக்கல் அரிது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமையில் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் ஸுப்கீ தரும் செய்தியும் இத்தகையதே. ஜுர்ஜானில் பயின்று, தாம் எழுதிய பாடக்குறிப்புகளுடன் தூஸ் நகர்க்குத் திரும்புகையில் கொள்ளையர் அனைத்தையும் பறித்துக்கொண்டனர். குறிப்புகளை மட்டுமாவது தாருங்கள், என் கல்வியெல்லாம் அவற்றில்தான் உள்ளது என்று இளைஞர் கஸ்ஸாலி இரந்தார். பறித்துக்கொண்டால் போய்விடும் கல்வியைக் கற்றேன் என்று எவ்வாறு சொல்கிறாய் என்று எள்ளி நகைத்த கொள்ளைத்தலைவன், அவற்றைத் திருப்பித் தந்தான். அச்சொல்லைத் தமக்கு அறிவுரையாகக் கொண்ட இமாம் அவர்கள், மூன்றாண்டுகள் தூஸில் தங்கி அக்குறிப்புகள் முழுவதையும் உள்ளத்தில் பதித்தார்கள்.

ஸர்நூஜியின் கணக்கு

இவ்வகை அனுபவங்களையெல்லாம் நெறியாக வகுத்துத் தந்தவர் புர்ஹானுத்தீன் ஸர்நூஜி (ரஹ்). ‘ஹிதாயா’ இயற்றிய மர்கீனானீ (ரஹ்) அவர்களின் மாணவர். மாணாக்கருக்கென அவர் எழுதிய ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்னும் சிறு நூலை அறியாத மத்ரஸாக்கள் குறைவு. தொடக்கத்தில் இருமுறை ஓதினால் மனத்தில் தங்கும் அளவே பாடம் இருக்கவேண்டும் என்கிறார். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். மீள்பாடத்திற்கு அவர் தரும் கணக்கு வியப்பூட்டுவது. நேற்றைய பாடத்தை ஐந்து முறை, அதற்கு முந்தியதை நான்கு முறை, அதற்கும் முந்தியதை மூன்று முறை, பிறகு இரண்டு, பிறகு ஒன்று.

இக்கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போம். நாள்தோறும் மாணவன் ஓதுவது பதினைந்து முறை. ஆனால் ஒரே பாடத்தைப் பதினைந்து முறையன்று. ஐந்து நாட்களின் பாடங்களை. அவ்வாறே ஒவ்வொரு பாடமும் ஐந்து நாட்களில் பரவலாகப் பதினைந்து முறை ஓதப்படுகிறது. பாடம் உறுதிப்பட உறுதிப்பட எண்ணிக்கை குறைகிறது. ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், பொருளற்ற அசைத் தொடர்களைத் தாமே மனனம் செய்து அளந்தபோது, ஒரே நாளில் 68 முறை ஓதியதன் பயனை மூன்று நாட்களில் பகிர்ந்து ஓதிய 38 முறையே தந்துவிட்டதைக் கண்டார். கருவிகளும் அளவைகளுமின்றி ஸர்நூஜி கண்ட உண்மைக்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் கிடைத்த சான்று எனலாம் இதனை.

ஒப்புவித்தலின் பயனையும் அண்மைக் கால ஆய்வு மெய்ப்பித்துள்ளது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும், மாணவருள் ஒரு சாராரைப் பாடத்தை மீண்டும் வாசிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை நூலை மூடி, நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர்: நூற்றுக்கு 81, மற்றவர் 75. ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை மாறிற்று: வாசித்தவர்கள் 42, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56. மூதாட்டியின் கதையையே எண்களில் மீண்டும் கேட்பது போன்றதன்றோ இது!

மனனம் மட்டும் போதுமா?

போதாது என்று அழுத்தமாகச் சொன்னவர் இப்னு கல்தூன். தம் காலத்து மொரோக்கோவில் மாணவர் மத்ரஸாவில் பதினாறு ஆண்டுகள் தங்கியும் தேர்ச்சி பெறாததையும், துனீசியாவில் ஐந்தாண்டுகளே வகுக்கப்பட்டிருந்ததையும் ஒப்பிட்டு, வாய் திறந்து உரையாடாமல் மனனத்திலேயே மூழ்கியிருந்தமையே அதற்குக் காரணம் என்றார். ஸர்நூஜியும், ஒரு மணி நேரம் கூடி விவாதிப்பது ஒரு மாதத் தனி ஓதலினும் மேலானது என்னும் கருத்தினரே. எனவே முன்னோர் போற்றிய மனனம், பொருளறியாக் கிளிப்பேச்சன்று.

இறுதி இரவில்

1872இல் அல் அஸ்ஹரில் பட்டத்திற்கான தேர்வு சட்டமாக்கப்பட்டு, பதினொரு கலைகளில் ஆசிரியர் குழுவின் முன் மாணவர் சோதிக்கப்படலாயினர். அன்று தொட்டு நம் மத்ரஸா மாணவருக்கும் தேர்வு அச்சம் புதிதன்று. ஆயினும் இறுதி நேர மீள்பாடத்தின் இலக்கணத்தைக் காண எகிப்து வரை செல்லவேண்டியதில்லை. ரமலானில் நம் ஊர்ப் பள்ளிவாசலில் தராவீஹ் தொழுவிக்கும் ஹாபிழைப் பாருங்கள். அன்றிரவு ஓதவேண்டிய ஜுஸ்வைப் பகலில் மற்றொரு ஹாபிழிடம் ஒப்புவிக்கிறார். தங்குதடையின்றி வரும் இடங்களை விரைந்து கடக்கிறார். ஒன்றையொன்று ஒத்த வசனங்கள் வந்து மயக்கும் இடங்களிலேயே நின்று நிதானிக்கிறார். அத்தகைய இடங்களை மாணவர் எளிதில் நினைவில் கொள்வதற்காக ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) தனிச் செய்யுள் நூலே யாத்துள்ளார்.

நம் பிள்ளைகளுக்கும் வழி இதுவே. தேர்வுக்கு முந்திய இரவில் புதுப்பாடம் தொடங்கவேண்டா. படித்ததை நூலை மூடிவைத்துத் தாயிடமோ தங்கையிடமோ சொல்லட்டும். கேட்பவருக்குப் பொருள் விளங்கவேண்டும் என்பதில்லை, ஸுஹ்ரீ இமாமின் பணிப்பெண்ணுக்கும் விளங்கவில்லை. தடுமாறும் இடத்தை மட்டும் நூலில் பார்த்து, மீண்டும் மூடிச் சொல்லட்டும். பின்னர் உறங்கட்டும். கதீபுல் பக்தாதி (ரஹ்) மனனத்திற்குரிய நேரங்களுள் முதன்மையாகக் கூறுவது ஸஹர் நேரத்தை. ஸர்நூஜியும் அதனைப் போற்றுகிறார். இரவு முழுவதும் விழித்தவனுக்கு அந்நேரத்தின் தெளிவு கிட்டாது. வாரத்தில் ஓரிரு நாள் மனனத்திற்கு ஓய்வு தரவேண்டும், எழுப்பிய கட்டடம் இறுகுவதற்கு அவகாசம் வேண்டுவது போல, என்று இப்னுல் ஜவ்ஸி கூறியதையும் பெற்றோர் கருத்தில் கொள்வாராக.

ஓரிரவில் விழுங்கியது தேர்வு மண்டபத்து வாயில் வரை உடன் வரக்கூடும். அதற்கப்பால் மருத்துவராகவோ ஆசிரியராகவோ ஆலிமாகவோ நின்று பிறருக்குப் பயன்படவேண்டிய நாளில் அது கைகொடாது. அந்நாளில் நம் பிள்ளையிடம் எஞ்சியிருப்பது எதுவோ அதுவே அவன் கற்ற கல்வி. ஆகவே இவ்வாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே அடுத்த ஆண்டின் மீள்பாடத்தை, நாளுக்கு ஐந்து பாடமாகச் சிறிதளவில் தொடங்கி வைப்போமாக.