மாடு விழுங்கிய மாலை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேக வைப்பது. இட்லி பக்தர்களுக்கு; இலையை வெளியே போட்டால் மாடு தின்றுவிடும். கல்யாண வீட்டு எச்சில் இலை, சாமிக்குச் சாத்திக் களைந்த மாலை, அடுக்களைக் கழுநீர் என்று கோயில் ஊர்களில் மிச்சமெல்லாம் மாட்டுக்கே போயின. மாலையைக் கட்டியது வாழைநார்தான். நாரோடு தின்றாலும் செரித்தது.

வழக்கம் அப்படியே இருந்தது, பொருள் மாறிவிட்டது. மாலைக்குள் நைலான் நூலும் ஜிகினாவும் கம்பியும் புகுந்தன. மீந்த சோறு, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் தெருவுக்கு வந்தது. முடிச்சை அவிழ்த்துத் தின்ன மாட்டுக்குக் கையா இருக்கிறது?

மாடு நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கும். பைகள் பெருவயிற்றிலேயே தங்கிவிடும். கம்பி, ஊசி, ஆணி எல்லாம் கனத்தால் இரண்டாம் இரைப்பையில் விழும். அந்த அறை சுருங்கும்போதெல்லாம் கூர்முனை சுவரைக் குத்தும். முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். கம்பியோடு கிருமிகளும் போக, இதய உறையில் சீழ் கட்டும். மாடு முன்கால்களை அகட்டி நிற்கும், படுக்கத் தயங்கும், முனகும். பால் சட்டென்று குறையும். தாடைக்கடியிலும் நெஞ்சிலும் நீர் கோத்துவிட்டால் பிழைப்பது அபூர்வம். வெளிநாட்டுப் பண்ணைகளில் விரல் நீளக் காந்தம் ஒன்றை முன்கூட்டியே விழுங்க வைக்கிறார்கள். கம்பி அதில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். நம் தெரு மாட்டுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இந்த நோய் புதிதல்ல. ஆனாலும் 2019 அக்டோபரில் அங்கே வந்த ஒரு பசு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்த அந்தப் பசு, வயிற்றைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அறுவையில் வெளியே வந்தது 52 கிலோ பிளாஸ்டிக். கூடவே திருகாணியும் நாணயமும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது அதே ஆண்டு ஜனவரி 1-ல். தடைக்கு முன்பே வயிற்றில் சேர்ந்ததை அரசாணை என்ன செய்யும்?

பசுவுக்கு மாலை போட்டுக் கும்பிடும் ஊர்க்காரர்கள் இதையும் செய்யலாம்: களைந்த மாலையை மாட்டுக்குத் தின்னப் போடுமுன் கம்பியையும் நைலானையும் உருவிவிடுங்கள். சோற்றைக் கொட்டிவிட்டு, பையைத் தனியே குப்பைத்தொட்டியில் போடுங்கள்.