ஒப்பிடுதலும் திருத்துதலும்: லாம்டனின் சங்கிலி முதல் மல்டிமீட்டர் வரை

'காலிப்ரேஷன்' என்பதற்கு நாம் 'அளவுத்திருத்தம்' என்ற சொல்லை வழங்கி வருகிறோம். சொல் நிலைத்துவிட்டது, ஆனால் அது இரு வேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது. ஒரு கருவி காட்டும் அளவை அதனினும் நம்பத்தக்க ஒன்றோடு வைத்துப் பார்த்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது ஒப்பீடு. கருவியின் உள்ளே கைவைத்து அவ்வேறுபாட்டைக் குறைப்பது திருத்தம். பன்னாட்டு அளவியல் சொல்லகராதியும் இவ்விரண்டைத் தனித்தனியாகவே வரையறுக்கிறது. பொழுதுபோக்காக மின்னணுவியலில் ஈடுபடுவோர் தம் டிஜிட்டல் மல்டிமீட்டரைத் திறந்தவுடன் திருகாணியைத் தேடுவதற்கு இச்சொற்குழப்பமும் ஒரு காரணம் எனக் கருதுகிறேன். தமிழக அளவை வரலாறோ இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர் தருகின்றன. அத்தோடு நில்லாமல், அது 'இராசகேசரி' என்னும் அளவைக்கு ஒத்தது என்றும் கூறுகின்றன. கோயிலின் மரக்கால் வேறு, அதற்கு மேலான அளவை வேறு. இரண்டுக்கும் உள்ள உறவு கல்லில் பொறிக்கப்பட்டது. இன்றைய ஆய்வகச் சான்றிதழ் சொல்வதும் இவ்வகை உறவையே.

அடுத்த சான்று 1802ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 7½ மைல். அளந்த கருவி நூறடி எஃகுச் சங்கிலி. மெக்கார்ட்னியின் தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் கொண்டுசென்று, அங்கு ஏற்கப்படாமல் திரும்பிய பொருள்களுள் அதுவும் ஒன்று. நூறடி எஃகு 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளும். ஏறத்தாழ 400 முறை சங்கிலியை இட்டு அளக்கும்போது இப்பிழை 1.4 மீட்டராகப் பெருகும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன் வைத்து, கணக்கில் ஈடுசெய்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த மற்றொரு சங்கிலி களத்தில் இழுபடாமல் ஒப்பீட்டுக்கென்றே காக்கப்பட்டது. நீண்டுபோன சங்கிலியை வெட்டிச் சரிசெய்வது அவர் வழியன்று. அது எவ்வளவு நீண்டுள்ளது என்பதை அறிந்து, கணக்கில் அதைக் கழிப்பதே அவர் வழி.

திருத்தத்திற்கும் அவருக்கு ஒரு வேளை வந்தது. 1808இல், ஆடவல்லான் மரக்காலின் கல்வெட்டுகள் உள்ள அதே தஞ்சைக் கோயிலின் உச்சிக்கு அவரது அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் 36 அங்குல வட்டம் கோணிப்போயிற்று. லாம்டன் கருவியை முற்றிலும் பிரித்தார். தட்டையான பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்புகளையும் திருகுகளையும் கொண்டு உலோக விளிம்பை அவ்வட்டத்துக்குள் பொருந்தும்படி இழுத்தார். ஆறு வாரம் கழித்து அது ஏறக்குறையப் பழைய வடிவை எய்தியது. ஆயினும் வடிவம் மீண்டது என்பதால் கோணம் சரி என்று ஆகாது. திருத்தப்பட்ட கருவி மறுபடி ஒப்பீட்டுக்கு உட்பட்டே ஆகவேண்டும். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை புவிவளைவின் சிறு மிகையோடு 180 பாகைக்கு ஒத்துவருகிறதா என்பது நில அளவையாளர் எப்போதும் கையில் வைத்திருந்த சோதனை.

இனி மல்டிமீட்டருக்கு வருவோம். மலிவான மூன்றரை இலக்க மீட்டர்கள் பலவற்றின் உயிர் ஐ.சி.எல். 7106 என்னும் சில்லும் அதன் உறவினங்களும். இச்சில்லு வோல்ட்டை நேரடியாக அறியாது; உள்ளே வரும் மின்னழுத்தத்துக்கும் 100 மில்லிவோல்ட் ஆதார அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தையே காட்டும். அந்த ஆதாரத்தை நகர்த்துவது ஒரே ஒரு டிரிம்மர். 20 வோல்ட் வீச்சில் மட்டும் பிழை இருந்தால், அதன் காரணம் பெரும்பாலும் அவ்வீச்சின் பகுப்பு மின்தடையில் இருக்கும். டிரிம்மரைத் திருகினால் அவ்வீச்சு சரியாகும். சரியாக இருந்த மற்ற வீச்சுகள் எல்லாம் பிறழும். ஆகவே முதலில் எல்லா வீச்சுகளிலும் அளவுகளை எடுத்து அட்டவணையிட வேண்டும். பிழை எங்கும் ஒரே விழுக்காட்டில் இருந்தால் மட்டுமே டிரிம்மரைத் தொடலாம். தொட்டபின் அட்டவணையை மீண்டும் முழுமையாக எடுக்க வேண்டும்.

இது வெறும் நுணுக்க ஆசையன்று. லித்தியம் மின்கலத்தின் ஏற்ற வரம்பு பொதுவாக 4.20 வோல்ட். 0.5 விழுக்காடும் கடைசி இலக்கத்தில் இரண்டு எண்ணும் பிழை அனுமதிக்கப்பட்ட மீட்டர் 20 வோல்ட் வீச்சில் 4.20 என்று காட்டும்போது உண்மை அழுத்தம் 4.24 ஆகவும் இருக்கலாம். அதை நம்பி மின்னேற்றியை அமைப்பவர் வரம்பைத் தாண்டிவிடுவார்.

ஒப்பீட்டுக்குரிய தரநிலை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே எக்காலத்திலும் சிக்கல். லாம்டனுக்கு அது கடல் கடந்து இலண்டனில் இருந்தது. இன்று நிக்கோபாரின் கட்சால் தீவை எடுத்துக்கொள்வோம். 1964 உடன்படிக்கையின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டங்களுக்கெனக் குடியேறிய தீவு அது. அங்கிருந்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மீட்டரை அனுப்ப வேண்டுமானால் கப்பலேற்ற வேண்டும்; செலவு மீட்டரின் விலையையே மிஞ்சக்கூடும். அத்தகைய இடத்தில் இருப்பவருக்கு இரண்டாவது சங்கிலியின் பாடம் அப்படியே பொருந்தும். 2.5, 5, 7.5, 10 வோல்ட் தரும் ஏ.டி. 584 போன்ற ஆதாரச் சில்லுப் பலகை ஒன்று, கூடுமானால் நல்ல மீட்டர் ஒன்று: இவற்றை அன்றாட வேலையில் பயன்படுத்தாமல், உப்புக்காற்றும் ஈரமும் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கலாம். சில திங்களுக்கு ஒருமுறை வேலை மீட்டரை அவற்றோடு ஒப்பிட்டு, நாளையும் அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதலாம். இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தால் அதை இம்முறை காட்டாது. அதற்கு வெளியிலிருந்து மூன்றாவது ஒன்று வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஒப்பளவீடு', 'திருத்தம்' என்று இரு சொற்களைத் தனித்தனியே ஆண்டு பாருங்கள். திருகாணியைத் தொடுமுன் அட்டவணை எழுதும் பழக்கம் அந்தப் பிரிவிலிருந்தே தொடங்கக்கூடும்.