மணற்பரப்பு முதல் பீங்கான் அச்சு வரை: கற்பித்தல் துணைக்கருவித் தேர்வின் வரலாறும் விருத்தாசலமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக வகுப்பறைகளில் கற்பித்தல் துணைக்கருவிகள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன, அவை யார் கையில் இருந்தன என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திண்ணைப் பள்ளியின் மணல், மதராஸ் முறையின் மணற்பலகை, கரும்பலகைத் திட்டத்தின் பெட்டி, செயல்வழிக் கற்றலின் அட்டை ஆகிய நான்கு கட்டங்கள் ஒப்பிடப்படுகின்றன. அதன்வழிப் பெறப்படும் கருத்து, பீங்கான் தொழில் நகராகிய விருத்தாசலத்தின் கல்விச் சூழலுக்குப் பொருத்திக் காட்டப்படுகிறது.

கருச்சொற்கள்: துணைக்கருவி, திண்ணைப் பள்ளி, மதராஸ் முறை, செயல்வழிக் கற்றல், விருத்தாசலம், பீங்கான்.

முன்னுரை

துணைக்கருவி என்றதும் வரைபடம், மாதிரி உருவம், ஒளித்திரை ஆகியவை நினைவுக்கு வருகின்றன. ஆசிரியர் பயிற்சி நூல்கள் இவற்றைக் காட்சிக் கருவி, கேள்விக் கருவி, செயற்கருவி என வகைப்படுத்துகின்றன. இவ்வகைப்பாடு கருவியின் இயல்பைக் கூறுகிறதேயன்றி, அதனைத் தேர்ந்தவர் யார், கையாண்டவர் யார் என்பதைக் கூறுவதில்லை. ஒரே கருவி ஓரிடத்தில் பயன் தருவதற்கும் வேறோரிடத்தில் அலமாரியில் அடைபட்டுக் கிடப்பதற்குமான காரணம் பெரும்பாலும் இவ்விரு வினாக்களிலேயே அடங்கியுள்ளது.

திண்ணைப் பள்ளியின் கருவிகள்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு நாட்டுக் கல்வி நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட அவ்வறிக்கை, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கூறுகிறது. விருத்தாசலம் அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டம் 875 பள்ளிகளைக் கணக்கில் காட்டியது. மாணவர் தொகையில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஆகவே, இப்பள்ளிகள் எல்லார்க்கும் திறந்திருந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது.

இப்பள்ளிகளின் கருவிகள் எளியன. தொடக்க நிலை மாணவன் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதினான். கை தேறிய பின் ஓலையும் எழுத்தாணியும் பெற்றான். எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் வாய்விட்டு ஓதப்பட்டன. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) முதலிய பின்னங்கள் நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கும் ஊர் வழக்கோடு ஒட்டியிருந்தன. கருவியும் பாடப்பொருளும் மாணவன் வாழ்ந்த ஊரிலிருந்தே பெறப்பட்டன என்பது இங்குக் கருதத்தக்கது. இம்முறை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 1623இல் இக்கேரியில் தங்கிய இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, சிறுவர் மணல் தூவிய தரையில் விரலால் எழுதி, இசையோடு ஓதிக் கணக்குப் பயின்றதைப் பதிவு செய்துள்ளார்.

மணல் கடல் கடந்தமை

1789ஆம் ஆண்டு சென்னையில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அதனைத் தம் காப்பகத்தில் நடைமுறைப்படுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃப்ரிஸ்கினிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். கற்ற மாணவன் கல்லாதவனுக்குக் கற்பிக்கும் இம்முறை, 1797இல் இலண்டனில் வெளியான பெல்லின் நூல் வழியாக ‘மதராஸ் முறை’ எனப் பரவிற்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை மரபோடு இம்முறைக்குள்ள ஒப்புமை வெளிப்படை.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, மணலின் தகுதி. அது விலையற்றது, பிழையை உடனே அழிக்க இடந்தருவது, எழுத்தின் வடிவத்தை விரலுக்கு உணர்த்துவது. மணலுக்குக் குறையும் உண்டு: எழுதியது நிலைப்பதில்லை. கற்பலகைக்கும் ஓலைக்கும் தாளுக்கும் மாணவன் நகர வேண்டியிருந்தது இதனாலேயே. இரண்டாவது, ஆசிரியரின் இசைவு. பெல் தேர்ந்த கருவி சிறந்ததாயினும், அதனைப் பயன்படுத்த வேண்டிய ஆசிரியர்கள் அத்தேர்வில் பங்கு பெறவில்லை. மேலிருந்து வரும் கருவியை வகுப்பறை ஏற்கத் தயங்குவது அன்றே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் மணலோடு கற்பலகையையும், சுவரில் தொங்கவிடப்பட்ட பெரிய எழுத்துப் பாடத் தாள்களையும் பயன்படுத்தினார். ஒரு நூலின் செலவில் பள்ளி முழுவதும் படிக்க இத்தாள்கள் வழிசெய்தன. கருவி மாணவன் மடியிலிருந்து சுவருக்குச் சென்றபோது, அவன் செய்பவன் என்ற நிலையிலிருந்து காண்பவன் என்ற நிலைக்கு மாறத் தொடங்கினான். கரும்பலகை இம்மாற்றத்தை நிறைவு செய்தது.

பெட்டியும் அட்டையும்

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987இல் கரும்பலகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அடிப்படைக் கற்பித்தல் பொருள்கள் என்பன அதன் இலக்குகள். ஏதுமற்ற பள்ளிகளுக்கு இத்திட்டம் பெருந்துணையாயிற்று. எனினும், நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் என்னும் அணுகுமுறையில் ஊரின் பொருளுக்கோ ஆசிரியரின் தேர்வுக்கோ இடம் குறைவு. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்னும்போது, பொருளைப் பாதுகாப்பது அதனைப் பயன்படுத்துவதை விட முதன்மை பெறுவது இயல்பே.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் வேறு திசையில் சென்றது. ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தின் அட்டை முறையைத் தழுவி, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் இதனை முன்னெடுத்தார். மாணவர் கைக்கு எட்டும் உயரத்தில் பலகைகள் அமைந்தன. ஏணிப்படியில் தன் நிலையைக் கண்டு, உரிய அட்டையை மாணவனே எடுத்துப் பயின்றான். 2007-08ஆம் கல்வியாண்டில் இம்முறை மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. கருவி மீண்டும் மாணவன் கைக்கு வந்தது. ஆயினும், அட்டையின் உள்ளடக்கம் எல்லா ஊர்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. கையாளும் உரிமை மாணவனுக்குக் கிடைத்த அளவிற்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை.

விருத்தாசலம்: ஊரே கருவியாதல்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலால் பழம்பெருமை உடையது. இக்காலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையாலும் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு வழங்கும் அரசுப் பயிலகத்தாலும் அறியப்படுவது. அகல் விளக்கும் பொம்மையும் இங்கு உருவாகின்றன. அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் களிமண்ணும் கிடைக்கிறது.

பொம்மை வார்க்கும் முறை ஓர் அறிவியல் பாடமாக அமையத்தக்கது. நீர்த்த களிமண் குழம்பு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றப்படுகிறது. நுண்துளைகள் நிறைந்த அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படலமாகப் படிகிறது. எஞ்சிய குழம்பை வடித்துவிட்டால் உள்ளீடற்ற உருவம் கிடைக்கிறது. நுண்புழை ஏற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி அரிது. உலர்ந்த உருவம் சுருங்குவதால், அதன் நீளத்தை முன்னும் பின்னும் அளந்து விழுக்காட்டுக் கணக்கைச் செய்து பார்க்கலாம். உலர்ந்த மண் நீரில் மீண்டும் கரையும். சூளையில் வெந்த மண் கரையாது. ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசில் களிமண் கனிமம் தன்னோடு வேதிமுறையில் பிணைந்த நீரை இழப்பதே இதற்குக் காரணம். மீள்மாற்றம், மீளா மாற்றம் என்னும் பாடத்திற்குப் பச்சை மண் துண்டொன்றும் சுட்ட துண்டொன்றும் ஒரு குவளை நீரும் போதும்.

வரலாற்றுப் பாடத்திற்கும் இது பொருந்தும். 1945இல் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், இத்தாலிய அரெட்டைன் கலத்தின் ஓடுகளைக் கொண்டே அவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். வெந்த மண் அழியாது என்பதை நேரில் கண்ட மாணவனுக்கு, பானை ஓடு சான்றாவது எவ்வாறு என்பதை விளக்கத் தனி முயற்சி வேண்டியதில்லை.

இவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவருவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தேவைப்படுவன இரண்டு. ஒன்று, பாடநோக்கத்திற்கேற்ற பொருளை ஊரிலிருந்து தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசிரியர்க்கு வழங்கப்படல். மற்றொன்று, உடையும் பொருளை உடையும் பொருளாகவே ஏற்கும் பதிவேட்டு முறை. சூளைத் தூசும் வெப்பமும் தீங்கு தருவன ஆதலால், மாணவர் வேலை செய்வோராக அன்றிக் கற்போராகவே அங்குச் செல்ல வேண்டும் என்னும் வரையறையும் உடன் வேண்டும்.

முடிவுரை

மணல், பலகை, பெட்டி, அட்டை என்னும் வரிசை கருவிகளின் வளர்ச்சியை மட்டும் காட்டவில்லை. தேர்வுரிமை ஊரிலிருந்து அலுவலகத்திற்கும், கையாளுகை மாணவனிடமிருந்து ஆசிரியருக்கும் நகர்ந்ததையும், பின்னது மட்டும் ஓரளவு திரும்பியதையும் காட்டுகிறது. திண்ணைப் பள்ளியின் விலக்கல்களை நீக்கிய பொதுக் கல்வி, அப்பள்ளிக்கிருந்த ஊர்சார் தேர்வை இழக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விருத்தாசலத்து மாணவன் மண்ணின் சுருக்கத்தைப் பாடநூலின் படத்தில் மட்டும் காண்பானாயின், அது கருவியின் பற்றாக்குறையால் அன்று. தேர்வுரிமையின் பற்றாக்குறையாலேயே ஆகும்.